கிணறு இல்லாமல் வீடு கட்டக்கூடாது

ஹோல் கார்பெட்டில் ஈரம் இருந்தது. திருநாவுக்கரசு அவசரமாக இடுப்பில் கட்டிய சாரத்தைத் தடவிப் பார்த்தார். சாரம் காய்ந்து கிடந்தது.

அது அவருக்கு உறைக்கவில்லை. ஈரம் என்றால் தான்தான் என்று பழகிவிட்டது. போன குளிருக்குப் பிறகு மூத்திரம் அவர் சொல்வழி கேட்பதில்லை. மருமகள் வித்தியா அவருடைய கட்டிலில் பிளாஸ்டிக் விரித்தாள். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருக்கலாம்.

மகன் நிமலன் நேரே சொல்லிவிட்டான். "சலம் போறதுக்கு நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை அப்பா. ஆனால் நிலத்துக்குக் கீழை ஆரோ அசையினம் எண்டு திரும்பவும் கதைச்சியளெண்டால் வயோதிபர் ஹோமிலைதான் விடவேணும். பிள்ளை பயப்பிடுது."

பிள்ளை பயப்படவில்லை. பேத்தி பிரணவி பள்ளிக்கூடத்தால் வந்து பல்கணியில் படம் கீறிக்கொண்டிருந்தாள். அது பல்கணியா அலுமாரியா என்று தெரியாது. மரத்தால் மூடி, பச்சை அடித்து, கண்ணாடி யன்னல் வைத்து வீட்டின் முகத்தில் ஒட்டியிருந்தது. அவர்கள் குடியிருந்த கிளென் ஈடனில் வேறெந்த வீட்டுக்கும் அப்படி இல்லை. வீட்டைக் கட்டிய கிழவன் கார்மெனு மால்ட்டாத் தீவுக்காரன். தன் ஊர் வல்லெட்டாவின் வீடுகள் போலவே கட்டினானாம்.

வீட்டை விற்றுத் திறப்பைக் கையில் தந்த அன்று அவன் இங்கிலீசில் நிறையச் சொன்னான். துருக்கியர் தீவை வளைத்து அடித்துவிட்டுப் போன பிறகு, மொட்டைப் பாறையைச் சுற்றிப் பெரிய மதில் எழுப்பி, கோடு கீறினமாதிரித் தெருவிட்டு அந்த நகரத்தைக் கட்டினார்களாம். பாறையில் ஊற்று இல்லை. ஆகவே கிணறு இல்லாமல் யாரும் வீடு கட்டக்கூடாது என்று சட்டம். கூரைமழை எல்லாம் வீட்டுக்கு அடியில் இறங்கவேண்டும்.

"கீழை வெட்டின கல்லைத்தான் மேலை சுவராய் அடுக்கினவையாம்," என்று தமிழில் சொன்னான் நிமலன்.

"புழுகுறான். இங்கையும் வெட்டினவனோ எண்டு கேள்," என்றார் திருநாவுக்கரசு.

கிழவன் நிலத்தைப் பார்த்தான். கிணற்றை மூடியாயிற்று என்றான். வித்தியா நீட்டிய தேத்தண்ணியை வாங்காமல் போய்விட்டான்.

திருநாவுக்கரசு துணியோடு முழந்தாளில் இறங்கினார். வெளியே மழை தகரத்தில் இரைந்தது; பல்கணிக் கண்ணாடி வழியாக வந்த பச்சை வெளிச்சம் ஹோலின் பாதிவரைக்கும் வந்து அங்கேயே நின்றது. வட்டம் வட்டமாகத் துடைத்தார். துடைக்கத் துடைக்க நனைந்தது. ஈரம் குளிர்ந்தது. விரலை மூக்கடியில் வைத்தார். மூத்திரம் இல்லை. வெயிலே காணாத கல்லின் மணம்.

நான் இல்லை.

ஒரு கணம் சந்தோசமாகக்கூட இருந்தது. பிறகுதான் கேட்டது.

கீழேயும் துடைத்தார்கள்.

ஈரத்துணி கல்லில் உரசும் சத்தம். அவர் கை சுற்றினால் அதுவும் சுற்றியது. அவர் நிறுத்தினார். அது இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது.

சுவரோரம் ஆணி கழன்ற கார்பெட் மூலையைத் தூக்கினார். பலகை இல்லை. கல். நடுவில் ஒரு வெடிப்பு. நாலு விரல் அகலம். கறுத்த தண்ணீர் விளிம்புவரை. உள்ளே யாரோ பொறுமையாக மூச்சு விட்டார்கள்.

கதவு திறந்தது. வேலை முடிந்து நிமலனும் வித்தியாவும் வந்துவிட்டார்கள். மூலையைக் கீழே போட்டார்.

"என்னப்பா, திரும்பவுமோ?"

சொல்லலாம். சொன்னால் ஹோம்.

"ஓம். நான்தான்," என்றார். முகம் சுட்டது.

"பரவாயில்லை மாமா, எழும்புங்கோ," என்று வித்தியா வாளி எடுக்கக் குசினிக்குப் போனாள். நிமலன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். தகப்பன் முகத்தைப் பார்க்க அவனுக்கும் கூச்சம், போனைப் பார்த்தான்.

பிரணவி ஓடிவந்து துணியை எடுத்தாள்.

"இட்ஸ் ஓகே அப்பப்பா. ஐ கேன் டூ இட்."

தாய் கட்டில் விரிப்பை மடிப்பதுபோலவே கார்பெட் மூலையைத் தூக்கி மடித்தாள். குந்தினாள். துடைத்தாள்.

கீழேயும் சின்னச் சின்ன வட்டங்களாய் உரசும் சத்தம்.

திருநாவுக்கரசு வாய் திறந்தார். நிமலன் நிமிர்ந்தான். வாயை மூடினார்.

துணியின் நுனி வெடிப்புக்குள் இறங்கியது. பிறகு விரல்கள் வந்தன. சாம்பல் நிறம். ஊறி வெளுத்த நகம். இழுக்கவில்லை. துணியைப் பிடித்தபடி காத்திருந்தன, வெட்கப்பட்டவை போல.

பிரணவி அவற்றைப் பார்த்தாள். துணியை விட்டாள்.

"இட்ஸ் ஓகே," என்று மெல்லச் சொல்லி, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.