நாலாவது காம்பு

கரியாலூரிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே போனால் ரோடு முடிந்துவிடும். ஸ்கூட்டியைக் கடைசிப் பெட்டிக்கடை ஓரம் நிறுத்திவிட்டு, எடைத் தராசுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மரவள்ளிக் கொல்லைகள் வழியாக அரை மணி நேரம் நடக்க வேண்டும். அன்று ஐப்பசி மழை விட்ட மறுநாள். காலை பதினோரு மணிக்கே மூடுபனி இறங்கி, எனக்கு முன்னால் ஓடிய நாயே தெரியவில்லை.

நான் கிராம சுகாதார செவிலியர். பெயர் மார்கரெட், சொந்த ஊர் நைனார்பாளையம். இருபத்திரண்டு வருடமாகக் குழந்தைகளை எடை போட்டு, ஊசி போட்டு, அவர்களின் அம்மாக்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். பேய் பிசாசுக்குப் பயப்பட எனக்கு நேரம் இருந்ததில்லை. மாதக் கடைசி ரிப்போர்ட்டுக்குப் பயப்படவே நேரம் சரியாக இருந்தது. பின்னால் சொல்லப்போவதைக் கேட்டு யாரும் என்னைக் கிறுக்கி என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கவியாவின் வீடு ஊரின் கோடியில் இருந்தது. ஒரே அறை. அதை ஒட்டி ஓலை வேய்ந்த மாட்டுக்கொட்டகை. கொட்டகையில் மாடு இல்லை. ஆனாலும் நனைந்த வைக்கோலும் புளித்த பாலும் கலந்த வாசனை வாசல்வரை வந்தது.

கவியாவுக்கு இருபத்தோரு வயது. முதல் குழந்தை, பெண். தேவதர்ஷினி என்று பெயர் வைத்திருந்தார்கள். பிறக்கும்போது மூன்று கிலோ, இரண்டாம் மாதம் நாலரை. நல்ல தேறுதல். அன்று மூன்றாம் மாதத்துக்குத் தராசைத் தொங்கவிட்டு, துணியில் குழந்தையைப் போட்டுப் பார்த்தேன். நாலு கிலோ அறுநூறு.

முள் தப்பாகக் காட்டுகிறதோ என்று இன்னொரு முறை போட்டேன். அதே அறுநூறு.

"ஒரு மாசத்துல நூறு கிராம்தான் ஏறி இருக்குது. இன்னாமா பண்ணிக்கினு இருக்கே? பால் குடுக்கறியா இல்லியா?" என்றேன்.

"குடுத்துக்கினுதான் இருக்கேன் நர்ஸம்மா. ஆனா ஒரு பக்கம்தான் பால் இருக்குது." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இடது பக்கம் எப்பப் பாத்தாலும் காலியாவே இருக்குது."

பால் கட்டியிருக்கும் என்று நினைத்து, கதவைச் சாத்திவிட்டுப் பரிசோதித்தேன். கட்டவில்லை. அப்போதுதான் குழந்தை குடித்து முடித்தது போல மார்பு தொய்ந்திருந்தது. காம்புக்குக் கீழே சின்னச் சின்னப் பள்ளமாக ஒரு வரிசை. எண்ணிப் பார்த்தேன், எட்டு. பல் தடம். மேலே ஒரு கீறல்கூட இல்லை.

மூன்று மாதக் குழந்தைக்குப் பல் ஏது? புருஷன்மேல்தான் சந்தேகம் வந்தது. எங்கள் வேலையில் முதலில் அப்படித்தான் தோன்றும்.

"யாரு கடிச்சது? பயப்படாம சொல்லு."

கவியா கொட்டகைப் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். பிறகு, வெளியே யாரோ ஒட்டுக் கேட்பது போலக் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

அவள் பிரசவித்த அதே வாரம் அவர்கள் வீட்டுக் கலப்பின மாடும் கன்று போட்டது. காளைக்கன்று. கிடேரியாக இருந்தால் வளர்த்து மாடாக்கலாம், காளையால் என்ன லாபம் என்று அவள் புருஷன் ராஜேஷ்குமார் அதைத் தள்ளிக் கட்டிவிட்டான். மூன்று காம்பை நமக்குக் கறந்துகொண்டு நாலாவது காம்பைக் கன்றுக்கு விடுவது மாடு வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். எங்கள் அப்பாகூடக் கறந்து முடித்ததும் கன்றை அவிழ்த்துவிட்டுத்தான் சொம்பைத் தூக்குவார். ராஜேஷ்குமார் நாலையும் கறந்தான். கன்று இருபது நாள் கத்தியது. இருபத்தோராம் நாள் கத்தவில்லை.

கன்று செத்ததும் மாடு பாலை அடக்கிக்கொண்டது. அதனால் ராஜேஷ்குமாரின் பெரியப்பா மாதனை வைத்துக் கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் அடைத்து, கோணி ஊசியால் தைத்து, நாலு குச்சியைக் காலாக நட்டு மாட்டின் முன்னால் நிறுத்தினார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே பால் விட்டது.

"மூணு காம்புலதான் வந்திச்சி நர்ஸம்மா. நாலாவது தெனமும் காலி. பாம்பு குடிக்குதுன்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாள் அங்கியே குந்திக்கினு பாத்தாரு. மூணாவது நாளு மாட்ட ஓட்டிக்கினு போயி சந்தையில வித்துட்டாரு. இன்னா பாத்தாருன்னு எங்கிட்ட சொல்லவே இல்ல."

"அந்த வைக்கோல் கன்னு?"

"கொட்டாய்ப் பரண்மேல இருக்குது. மாடு போன அன்னிக்குத்தான் எனக்கு இந்தப் பக்கம் காலியாச்சி."

நான் சிரித்தேன். சிரித்தது இன்றும் உறுத்துகிறது. பிரசவித்த பெண்ணுக்கு மனசு கொஞ்சம் தடுமாறும், தூக்கம் இல்லாவிட்டால் இன்னும் ஜாஸ்தி. "கொஞ்ச நேரம் படு. நான் இருக்கேன்," என்று சொல்லி அவளைப் படுக்க வைத்தேன். குழந்தையை வலது பக்கம் போட்டுக்கொண்டு, நைட்டியின்மேல் ஒரு துண்டை விரித்துக்கொண்டு தூங்கிப்போனாள். நான் வாசலோரம் உட்கார்ந்து தாய்சேய் அட்டையில் எடையை எழுதிக்கொண்டிருந்தேன்.

பனி கதவைத் தாண்டி உள்ளே வந்தது. ஈர வைக்கோல் வாசனை கூடியது.

சப், சப் என்று சத்தம்.

குழந்தை குடிக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தேன். குழந்தை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் நிற்கவில்லை.

கவியாவின் இடது பக்கம் துண்டு அசைந்தது. மெல்ல அழுந்தி, விலகி, மறுபடி அழுந்தியது. பிறகு ஒரு முட்டு. பால் வேகமாக வர வேண்டுமென்று கன்று மடியை முட்டுமே, அந்த முட்டு. தூக்கத்திலேயே கவியாவின் உடம்பு ஒருமுறை குலுங்கியது. அவளுடைய இடது கை தானாக எழுந்து, அங்கே ஒன்றுமில்லாத காற்றைத் தடவிக்கொடுத்தது.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. "ஆண்டவரே" என்று சொன்னேனா, நினைத்தேனா தெரியாது. ஐந்து நிமிடம் கழித்துச் சத்தம் தானாக நின்றது. தரையில் ஒரு வைக்கோல் துணுக்கு கிடந்தது, நுனியில் பால் ஈரத்தோடு.

மதியம் ராஜேஷ்குமார் கொல்லையிலிருந்து வந்தான். ஒல்லியான பையன், கையெல்லாம் மரவள்ளிக் கறை. நான் கேட்பதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

"நீங்களும் பாத்துட்டீங்களா நர்ஸம்மா?" என்று மெதுவாகக் கேட்டான். "அந்த வைக்கோல் கன்ன ரெண்டு வாட்டி ஓடையில தூக்கிப் போட்டுட்டு வந்தேன். திரும்பி வந்து பாத்தா பரண்மேலதான் இருக்குது."

கொட்டகைக்குள் போனோம். பரணில் குறுக்கே கிடந்தது. செவலைத் தோல், கண் இருந்த இடத்தில் தையல். வாயில் போட்டிருந்த கோணித் தையல் பிரிந்து, உள்ளே வைக்கோல் ஈரமாக இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். தோல் உரிக்கும்போதே தாடையை எடுத்துவிட்டார்கள். வாயில் ஒரு பல் கிடையாது.

மாட்டுக்கும் கன்றுக்கும் முன்வாயில் கீழ்ப்பல் மட்டும்தான் உண்டு, எட்டு. மேலே வெறும் ஈறு. மாடு வளர்த்த வீட்டில் பிறந்த எனக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"கொளுத்திடு," என்றேன்.

கொளுத்தச் சொன்னது நான்தான். வேறு யாரும் சொல்லவில்லை. அவன்கூட, "மாதன் பெரியப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்கினு..." என்று இழுத்தான். நான்தான் அவசரப்படுத்தி, கொட்டகை வாசலில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்ற வைத்தேன். அந்த ஈரத்திலும் குப்பென்று பிடித்தது. தோல் கருகும் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். கவியா குழந்தையோடு வாசலில் நின்று பார்த்தாள். அவள் அழுததை நான் பார்த்தும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

வேலை முடிந்தது என்ற நிம்மதியோடு மலை இறங்கினேன்.

ஏழாம் நாள் போனபோது குழந்தை நாலு கிலோ இருநூறு. அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. கவியா என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"ரெண்டு பக்கமும் காலி நர்ஸம்மா," என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அது தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு பக்கத்தைக் குழந்தைக்கு விட்டிருந்தது. நாங்கள் அதற்குக் காட்டாத நியாயத்தை அது எங்களுக்குக் காட்டியது. அதைத்தான் நான் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். இப்போது அது நாலையும் கறக்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

அன்றே ஆம்புலன்ஸ் வரவழைத்து, இரண்டு பேரையும் கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டரம்மா நன்றாகப் பார்த்தார்கள். தாய்க்குப் பால் வற்றிவிட்டது, பவுடர் பால் கொடுங்கள் என்றார்கள். பாலாடைச் சங்கில் ஊட்டினால் போதும் என்றும் சொன்னார்கள். ஆனால் கலக்கி வைத்த கிண்ணம் ஒவ்வொரு முறையும் கவிழ்ந்தது. கடைசியில் நானே கடைக்குப் போய்ப் புட்டி வாங்கி வந்தேன். புட்டிப்பால் கூடாது என்று அதுவரை இருபது வருடமாக மலை மலையாக ஏறிச் சொன்னவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து நேராக வார்டுக்குப் போனேன். குழந்தைகள் வார்டில் நல்ல வெயில், நல்ல கூட்டம், எங்கும் பினாயில் வாசனை. கவியா கட்டிலில் மட்டும் ஈர வைக்கோல் வாசனை.

அவள் புட்டியை எடுத்து நீட்டினாள். காலியாக இருந்தது. ரப்பர் காம்பின் அடிப்பக்கத்தில் எட்டுத் தடம். மேல்பக்கம் வழவழவென்று இருந்தது.

"கலக்கி வச்சிட்டுத் துணி மாத்தத் திரும்பினேன் நர்ஸம்மா. அதுக்குள்ள."

குழந்தையின் கையைப் பிடித்துப் பார்த்தேன். எலும்பில் தோல் மட்டும் இருந்தது. யாரிடம் போய் என்ன சொல்வது? டாக்டரம்மாவிடமா, பாஸ்டரிடமா? எந்த ரிப்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் இதை எழுதுவது?

கவியா என் கையைப் பிடித்துக்கொண்டு காதருகே சொன்னாள்:

"ரெண்டு புட்டி கலக்கட்டுமா நர்ஸம்மா? ஒன்னு கட்டிலுக்கு அடியில வச்சிடறேன். அதுக்கும் பசிதானே."

நான் இன்னொரு புட்டி வாங்கி வந்தேன். என் கையாலேயே கலக்கி, என் கையாலேயே கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அடுத்த புதன்கிழமை குழந்தை நூற்றிருபது கிராம் ஏறியிருந்தது. நான் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு வார்டு நடுவில் நின்று அழுதேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. மாற்றல் கேட்காமல் இன்னும் அந்த மலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். தேவதர்ஷினி நடக்கிறாள், ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறாள். எடைதான் கம்மி. போன மாதம் எட்டரைக் கிலோ. ராஜேஷ்குமார் இப்போது கூலி வேலைக்குக் கேரளா போய்விட்டான், அதிகம் வருவதில்லை. கவியா மட்டும் வேளைக்கு இரண்டு புட்டி கலக்குகிறாள், ஒன்று குழந்தைக்கு, ஒன்று கட்டிலுக்கு அடியில்.

நேற்று போனேன். அது மென்று துப்பிய ரப்பர் காம்பு ஒன்றைக் கவியா கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். கீழ்ப்பல் தடம் எட்டு. அதில் நடுவில் இருந்த இரண்டு மட்டும் அகலமாக, ஆழமாக இருந்தன.

சந்தையில் எங்கள் அப்பா மாட்டின் உதட்டைப் பிரித்துப் பார்த்து, "ரெண்டு பல் போட்டிருக்குது" என்பார். இரண்டு வயது தாண்டினால்தான் பால் பல் விழுந்து அந்தப் பெரிய பல் முளைக்கும்.

அது வளர்கிறது.

"ஒரு புட்டி பத்தல நர்ஸம்மா," என்றாள் கவியா. "மூணு வச்சிப் பாத்தேன், நாலு வச்சிப் பாத்தேன். இப்ப பாப்பாவோடதையும் தொட ஆரம்பிச்சிடுச்சி."

குழந்தையைத் தராசில் போட்டேன். எட்டு கிலோ இருநூறு. எடுத்து மடியில் உட்கார வைத்து, கவியா கலக்கிய புட்டியைத் தேவதர்ஷினியின் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆசையாகக் குடிக்க ஆரம்பித்தாள்.

நாலு வாய் குடித்திருப்பாள். புட்டியின் அடியை ஏதோ முட்டியது. சற்று நிறுத்தி மறுபடி முட்டியது, இன்னும் பலமாக.

தேவதர்ஷினி அழவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. வாயிலிருந்து புட்டியை எடுத்து, பழகியவள் போலக் கீழே தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, அது குடித்து முடிக்கக் காத்திருந்தாள்.