பதினெட்டு மில்லிமீட்டர்

காலை ஆறு மணிக்கு ஏழாம் குவிமாடத்தின் இரண்டாயிரம் வீடுகளிலும் அச்சுப்பொறிகள் ஒன்றாக முனகத் தொடங்கின. முதலில் இட்லி வந்தது. கடைசியில் அன்றைய செருப்பு வந்தது. இரண்டுக்கும் தனித்தனி முனைகள்தாம் என்று நிர்வாகம் எழுத்துமூலம் உறுதி அளித்திருந்தது. செவ்வாயின் செம்மண்ணைக் குழைத்து அச்சிட்ட செருப்பை மாலையில் பொறிக்குள் போட்டால் திரும்பவும் மண்ணாகிவிடும்.

நீள அகலம் அவரவர் காலுக்கு. அடித்தட்டின் கனம் மட்டும் எல்லோருக்கும் பன்னிரண்டு மில்லிமீட்டர். அந்த அமைப்பை மாற்றும் உரிமை நிர்வாகத்துக்கு மட்டுமே உண்டு.

பூங்கோதைக்குப் பிரச்சினை அதுதான். அவள் அப்பா மருதையாவின் இடது கால் பிறவியிலேயே பதினெட்டு மில்லிமீட்டர் குட்டை. இத்தனை நாளும் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. இந்த ஆண்டு நடைத் தேர்வு வந்தது. காற்றுக் கசிவு ஏற்பட்டால் எல்லோரும் ஒரே சீராக வெளியேற வேண்டுமாம். தேறாதவர்கள் அடுத்த கப்பலில் பூமிக்குத் திரும்ப வேண்டும். பூங்கோதையின் பணி ஒப்பந்தமோ இன்னும் பதினோரு ஆண்டு. அப்பா போனால் போனதுதான்.

அவள் மூன்று மனு கொடுத்தாள். மூன்றாவதற்கு அமைப்பு அதிகாரி நாச்சியப்பன் நேரிலேயே பதில் சொன்னார்.

"உங்க அப்பாவுக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து கேப்பாங்கம்மா."

"கேக்கட்டுமே சார்."

"ஆளுக்கு ஒண்ணு ஆயிடும்."

"கால் ஆளுக்கு ஒண்ணாத்தானே சார் இருக்கு?"

அவ்வளவு பேசியதே பூங்கோதைக்கு அதிகம். வீட்டுக்கு வரும்வரை காது சுட்டது. ஆனால் அவள் நான்காவது மனு எழுதவில்லை. அச்சுப்பொறியைச் சுவரிலிருந்து நகர்த்தி அதன் முதுகைப் பார்த்தாள்.

அங்கே ஒரு பழைய இணைப்புத் துளை இருந்தது. பொறியைச் செய்தவர்கள் அதை நீக்கப் பயந்து நூறாண்டாக விட்டுவைத்திருந்தார்கள். குவிமாடத்தின் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழங்கால வீட்டுக் கணினியும் உண்டு. புதிய சில்லுகள் கதிர்வீச்சில் கருகிவிடும் என்பதால், தடித்த சில்லு கொண்ட அந்தக் கிழட்டுப் பெட்டிகளைத்தான் பிராணவாயுக் கணக்குக்கு வைத்திருந்தார்கள். நிர்வாகத்தின் பூட்டு வலைவழி வரும் கட்டளைகளுக்கு மட்டுமே. முதுகுத் துளையை அது காவல் காக்கவில்லை.

பழைய பொறிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. இருபத்தேழு என்ற எண்ணை அனுப்பினால், அடுத்து வருவது அச்சிடும் பொருள் அல்ல, தனக்கான உத்தரவு என்று எடுத்துக்கொள்ளும். பூங்கோதை கணினியை அந்தத் துளையில் இணைத்து நான்கு வரி நிரல் எழுதினாள். இருபத்தேழு, அடித்தட்டு, இடது, பதினெட்டு கூட்டு.

செவ்வாய்க்கிழமை காலை மருதையா புதுச் செருப்பில் எழுந்து நின்றார். கூடத்தைக் குறுக்காக நடந்தார். திரும்பி வந்தார்.

"தரையைச் சரி பண்ணிட்டியா கோதை?"

"தரை நல்லாத்தாம்பா இருந்துச்சு."

அடுத்த வீட்டு ரோஸ்லின் அக்கா இதைப் பார்த்துவிட்டாள். அவளுக்குக் குதிகால் வலி. அவள் கணவருக்கு வளைந்த பாதம். "எங்களுக்கும் குடுடி" என்றாள். பூங்கோதை தயங்கினாள். பிறகு நாச்சியப்பனின் முகம் நினைவுக்கு வந்தது. புதன்கிழமை, சந்தைத் தெருப் பலகையில் நிரலைத் தன் பெயரோடு ஒட்டினாள். மேலே ஐந்தாவதாக ஒரு குறிப்பு வரி சேர்த்தாள்: 'இது என் அப்பாவின் கால். பக்கத்தையும் எண்ணையும் உங்கள் காலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.'

வியாழக்கிழமை அவள் கதவைத் திறந்தபோது தெருவே வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, எண்ணை மாத்தலையா?"

"நீ போட்டதுல ஒரு எழுத்து விடல. குறிப்பைக்கூட அப்படியே அடிச்சேன்."

"குறிப்புல என்ன எழுதியிருந்துச்சு?"

"அதை யாரு படிச்சா?" ரோஸ்லின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் வலிக்குது. பழகிடும். எல்லாரும் இதைத்தானே போட்டிருக்காங்க."

வெள்ளிக்கிழமை தேர்வு. தேர்வுத் தரைக்குச் சொந்தமாக எந்த அளவுகோலும் கிடையாது. ஒவ்வோர் எட்டிலும் உடல் எவ்வளவு சாய்கிறது என்று அளக்கும். எந்தப் பக்கம் என்று பார்க்காது. அதைக் குவிமாடத்தின் முந்தைய நாள் சராசரியோடு ஒப்பிடும். முன்னால் போன முப்பது பேரும் விந்தி விந்தி நடந்து தேறினார்கள். மருதையா நேராக நடந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"சராசரி பதினெட்டு. உங்க சாய்வு பூஜ்யம்" என்றார் நாச்சியப்பன். அவரும் சற்றுச் சாய்ந்தே நின்றார். "விலகல் அதிகம். கப்பல் பட்டியல்ல பேரைச் சேர்க்கணும்."

பூங்கோதைக்குத் தெரிந்தது, தன் கையால் எழுதிய நான்கு வரிதான் காரணம். முழு மண்டபமும் பார்த்துக்கொண்டிருக்க, வாழ்க்கையில் முதல்முறையாக அவள் வரிசையை உடைத்து முன்னே வந்தாள்.

"இன்னொரு தடவை நடக்கலாம்னு விதியில இருக்கு சார்." அப்பா பக்கம் திரும்பினாள். "செருப்பைக் கழட்டுங்கப்பா."

மருதையா மகளைப் பார்த்தார். புரிந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பிறந்த நாள் முதல் நடந்த அதே நடையில், இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து, ஒருவரையும் பார்க்காமல் மண்டபத்தைக் கடந்தார்.

பச்சை விளக்கு எரிந்தது. விலகல்: பூஜ்யம். அன்றைய முதல் மதிப்பெண்.

"அம்பத்தெட்டு வருஷம் கழிச்சு ஊரே என் நடைக்கு வந்து சேர்ந்திருக்கு" என்றார் மருதையா, நாச்சியப்பன் காதில் விழும்படி.

மறுநாள் நிர்வாகம் அறிவித்தது: மக்களின் ஒருமித்த விருப்பத்தை ஏற்று, இனி இடது அடித்தட்டு முப்பது மில்லிமீட்டர், அதுவே பொது அமைப்பு. குவிமாடம் கைதட்டியது. ஏனென்று யாரும் கேட்கவில்லை. மருதையாவின் செருப்பு, எந்த நிரலும் இல்லாமல், பொறியிலிருந்து கச்சிதமாக வந்து விழுந்தது.

பூங்கோதை பழைய கணினியின் முன் உட்கார்ந்தாள். இந்த முறை தன் காலுக்காக. இடது அடித்தட்டில் பதினெட்டைக் குறைத்தாள், வந்து விழுந்த செருப்பில் நேராக எழுந்து நின்றாள்.

கதவில் ரோஸ்லினின் தலை தெரிந்தது. "புதுசா ஏதோ எழுதுறியாமே. அப்படியே குடு, அடிச்சுக்கறேன்."