செவலையின் கழுத்துக் காசு

எழிலின் அம்மா சரசு ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அங்கே கிடந்த பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று, பிளாஸ்டிக் சல்லடை வளையத்தில் சுற்றிய செம்புக் கம்பி, பிடிப்பதற்கு ஓர் ஒட்டடைக்குச்சி. இவற்றை வைத்து, அம்மா சொல்லிக்கொடுக்க, ஆறாம் வகுப்பு எழில் ஒரு கருவி செய்திருந்தாள். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அது 'கீ' என்று கத்தும்.

திங்கட்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி.

"சும்மா கத்தினா போதாது. இது தேடிக் கண்டுபிடிச்ச பொருள் ஒண்ணு பக்கத்துல இருக்கணும்" என்று டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பழைய காசு ஒன்றைக் கண்டுபிடித்தே தீருவது என்று எழில் கங்கணம் கட்டிக்கொண்டாள். அதற்கு மாட்டுச்சந்தைத் திடலைவிட நல்ல இடம் ஏது? வருடா வருடம் தீபத்துக்குத் திருவண்ணாமலையில் கூடும் சந்தை அது. எத்தனை பேர் மடியிலிருந்து எத்தனை காசு நழுவியிருக்கும்!

1996-ஆம் வருடத் தீபம் முடிந்து சந்தையும் கலைந்துவிட்டது. ஞாயிறு மதியம் எழிலும் பக்கத்து வீட்டு அஜிதனும் திடலில் போய் நின்றார்கள். எங்கு பார்த்தாலும் சாணி, வைக்கோல், சோடா மூடி, பீடிக்கட்டுக் காகிதம்.

எழில் கருவியை நீட்டினாள். கீ!

"தோண்டு, அஜி!"

"இரு, எறும்பு இருக்குது." அஜிதன் வீட்டில் எறும்பைக்கூட மிதிக்கமாட்டார்கள். அவன் குனிந்து ஊதி ஊதி எறும்புகளை அனுப்பிவைத்த பிறகுதான் கரண்டியைத் தொட்டான். தோண்டினால் ஒன்றுமில்லை.

இப்படியே கருவியை மாறி மாறிப் பிடித்து ஏழு குழி தோண்டினார்கள். ஏழிலும் மண்தான் இருந்தது.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எழிலின் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கையெல்லாம் மண்.

"இன்னா சிரிப்பு?" என்றாள் எழில்.

"அந்தப் பையன் புடிச்சா அது கம்மியா கத்துது. நீ புடிச்சாதான் ஜாஸ்தியா கத்துது. உன் கொலுசப் பாத்துதான் கத்துது போல."

எழில் குனிந்து பார்த்தாள். காலுக்குப் பக்கத்தில் வளையத்தை ஆட்டி ஆட்டி, தன் வெள்ளிக் கொலுசுக்காகத்தான் இத்தனை குழி தோண்டியிருக்கிறாள்! அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொலுசைக் கழற்றிப் பாவாடையில் முடிந்துகொண்டாள்.

"நீ இன்னா தேடுற?"

"எங்க செவலையோட கழுத்துக் காசு."

அவள் பெயர் கன்னியம்மாள். கீழ்பென்னாத்தூர் பக்கம். கன்றுக்குட்டியாக இருந்த நாளிலிருந்து அவளே தண்ணீர் காட்டி வளர்த்த செவலைக் காளையைக் காலையில்தான் விற்றிருந்தார்கள். விற்ற மாட்டோடு சொந்தக் கயிறு போகக்கூடாது, வாங்குகிறவர் தன் கயிற்றைக் கட்டித்தான் ஓட்டிப்போக வேண்டும். அதுதான் சந்தை வழக்கம். அவள் அப்பா வேடியப்பன் கழுத்துக் கயிற்றை அவிழ்க்கும்போது செவலை தலையைச் சிலுப்பியது. கயிறு அறுந்து, அதில் கோத்திருந்த ஓட்டைக் காலணா ஐந்தும் கூட்டத்தின் காலடியில் சிதறிவிட்டன.

"மாடுதான் போச்சு. அதாச்சும் வேணும்" என்றாள் கன்னியம்மாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தூரத்தில் துண்டை உதறிக்கொண்டிருந்த வேடியப்பன் குரல் கொடுத்தார். "அஞ்சு மணி பஸ்ஸ விட்டா அப்பால எட்டு மணிக்குத்தான் கண்ணு. சீக்கிரம் வா."

"செவலைய எங்க கட்டியிருந்தீங்க?" என்று எழில் கேட்டாள்.

கன்னியம்மாள் முளைக்குச்சி அடித்திருந்த இடத்தைக் காட்டினாள். எழில் அங்கே கருவியை வைத்தாள். கீ கீ கீ! லாட ஆணி. கீ! சோடா மூடி. கீ! இன்னும் இரண்டு ஆணி. இந்த வேகத்தில் போனால் அடுத்த தீபம் வந்துவிடும்.

எழில் நகத்தைக் கடித்தபடி கையிலிருந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆணி, மூடி எல்லாம் இரும்பு. காலணா செம்பு மாதிரிதானே? காந்தத்துல ஒட்டாது இல்ல?"

"ஒட்டாது" என்றான் அஜிதன். "அதனால?"

அதைக் கேட்க எழில் அங்கே இல்லை. கடைக்கு ஓடி, உடைந்த ஸ்பீக்கரின் பெரிய காந்தத்தையும் கயிற்றையும் வாளியையும் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பினாள்.

மூவரும் மண்ணைக் கிளறிவிட்டு, பொம்மை வண்டி இழுப்பதுபோல் காந்தத்தை இழுத்தார்கள். ஆணியும் மூடியும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தன. வாளி நிறைந்தது.

இப்போது எழில் கருவியை நீட்டினாள். கப்சிப். நகர்த்தினாள். கப்சிப். இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

கீ!

அஜிதன்கூட எறும்பு பார்க்க மறந்து தோண்டினான். நடுவில் ஓட்டையோடு ஒரு காசு!

"செவலையோடதுதான்!" என்று கன்னியம்மாள் குதித்தாள். அரை மணி நேரத்தில் மூன்று கிடைத்தன. சாணிக்குள்ளிருந்து நான்காவதும் வந்தது.

"கன்னிம்மா, பஸ்ஸு!"

"வரேன் நைனா!" அவள் எழிலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாலு போதும். அதுவே கிடைக்காதுன்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு அப்பாவிடம் ஓடினாள்.

எழில் மனம் கேட்காமல் இன்னொரு முறை வளையத்தை ஓட்டினாள். கீ!

ஐந்தாவது காசு.

உள்ளங்கையில் அது குளிர்ச்சியாக இருந்தது. கண்காட்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? நாலு போதும் என்று அவளே சொல்லிவிட்டாளே. அஜிதன்கூடக் கவனிக்கவில்லை. எழில் விரல்களை மூடிக்கொண்டாள். மூடிய கையோடு கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு ஒரே ஓட்டம் பிடித்தாள்.

"கன்னியம்மா! நில்லு! அஞ்சாவது!"

கன்னியம்மாள் சிரித்தாள், அழுதாள், எது முதலில் என்றே சொல்ல முடியவில்லை. ஐந்தையும் அங்கேயே அறுந்த கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்டுத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"உனக்கு ஒண்ணும் கெடைக்கலியேம்மா" என்று வேடியப்பன் வருத்தப்பட்டார்.

"அதான் ஒரு வாளி ஆணி கெடைச்சுதேங்க" என்றாள் எழில். "காந்தத்தையும் பக்கத்துல வெச்சுக் காட்டிடுவேன். டீச்சர் பொருள்னுதான் சொன்னாங்க, காசுன்னு சொல்லல."

"காசு கெடக்குது வுடும்மா. இத்தினி ஆணி எத்தினி மாட்டுக் கால்ல ஏறியிருக்கும்!" என்றார் அவர்.

அப்பாவும் மகளும் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார்கள். வேடியப்பன் முன்னால் போக, கன்னியம்மாள் பின்னால் ஓடினாள். அவள் வைத்த ஒவ்வோர் அடிக்கும் கழுத்துக் காசு கிணுகிணுத்தது. பத்தடி போன வேடியப்பன் சட்டென்று திரும்பி, "ஹை, செவலை! மெதுவா வா!" என்று அதட்டிவிட்டு, மகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.