மஞ்சளுக்கு ஒரு கதவு

மிளகின் அப்பா மிக்ஸி பழுது பார்ப்பவர். எது கையில் கிடைத்தாலும் கழற்றி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அது மிக்ஸியோடு நின்றிருந்தால் மிளகுக்கு இந்தத் தலைவலியே வந்திருக்காது.

மிளகு என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். ஆள் சின்னது, காரம் அதிகம். ஐந்தாம் வகுப்பில் படித்தாள். பள்ளியில் மூலிகைத் தோட்டம் போடுவதற்காக, டீச்சர் ஆளுக்கு ஒரு செடியை வளர்க்கச் சொல்லியிருந்தார். மிளகுக்கு வந்தது மஞ்சள். மூன்றே மூன்று கிழங்குத் துண்டுகள். ஒன்றாவது துளிர்விட்டால்தான் தோட்டத்தில் அவளுக்கு இடம்.

டீச்சர் சொன்னபடியே எல்லாம் செய்தாள். மண்ணோடு மணலும் மக்கிய எருவும் கலந்தாள். ஒரு தொட்டியில் முதல் துண்டை, முளைக்கண் மேலே பார்க்கும்படி வைத்து, நாலு விரல் உயரத்துக்கு மூடினாள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்பதால் கையால் தெளித்தாள். துளிர் வெளியே தெரிய ஒரு மாதம்கூட ஆகலாம் என்று அப்பாவிடம் சொல்லியும் வைத்தாள். அப்பா தலையை ஆட்டினார்.

மூன்றாம் நாள் பள்ளி விட்டு வந்தால், தொட்டியில் மண் கலைந்து கிடந்தது.

சும்மா பார்த்தேன் என்றார் அப்பா. பார்த்ததோடு விட்டாரா? தலைகீழாகப் புதைத்து, ஒரு சொம்புத் தண்ணீரையும் ஊற்றியிருந்தார். அந்தத் துண்டு அழுகிப்போனது.

இரண்டாவது தொட்டியில் 'தோண்டாதீர்கள்' என்று அட்டை எழுதிக் குத்தி வைத்தாள். அப்பா அந்த அட்டையை மரியாதையாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தோண்டினார். அப்போதுதான் எட்டிப் பார்த்த ஒரே முளை, அவர் விரல் பட்டு ஒடிந்தது.

மிளகு தலையில் அடித்துக்கொண்டாள். அம்மாவிடம் போய் முறையிட்டாள். பதினைந்து வருஷமாகத் தானும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதுதான் மிச்சம் என்றாள் அம்மா.

மிளகு நேராக அப்பாவிடமே போனாள். "உங்களுக்குக் கொஞ்சம்கூடப் பொறுமையே இல்லையாப்பா?"

அப்பா ஒடிந்த முளையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வேணும்னு பண்ணலம்மா. மண்ணுக்குள்ள உயிரோட இருக்கா இல்லையான்னு தெரியல. பயமா இருந்துச்சு. நீ ஆசையா வெச்சது."

இதற்கு மேல் எப்படித் திட்டுவது? கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு துண்டு. அதைப் பூட்டி வைக்கலாம். ஆனால் இந்த மனிதர் பூட்டையும் கழற்றிவிடுவார்.

யோசித்துப் பார்த்தாள். பிறகு, கண்ணாடி போல உள்ளே தெரியும் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து, அம்மாவை மேல் பாகத்தை வெட்டச் சொன்னாள். அடியில் நாலைந்து ஓட்டை போட்டாள். மண்ணை நிரப்பி, துண்டை நடுவில் வைக்காமல், வெளியிலிருந்து தெரியும்படி பாட்டிலின் ஓரத்தை ஒட்டி வைத்தாள். வேருக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் பாட்டிலைச் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டினாள். துண்டு இருந்த இடத்துக்கு நேராகத் தாளில் மூன்று பக்கம் கத்தரித்து, திறந்து மூடும் கதவு ஒன்று செய்தாள்.

"காலைல ஒரு தடவைதான் திறக்கணும். கை பின்னாடி இருக்கணும்."

அப்பா மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். தினமும் எழுந்ததும் கதவைத் திறப்பார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார், மூடுவார். முதலில் ஒரு வேர் தெரிந்தது. பிறகு மூன்று. அன்றன்று பார்த்ததை, கடைக்கு மிக்ஸி கொண்டு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இருபத்தாறாம் நாள் காலை, அப்பா கதவைத் திறந்தார். உடனே மூடினார். மிளகை எழுப்பிக் கூட்டிவந்து, "நீ பாரும்மா" என்று மட்டும் சொன்னார்.

வெளிர்மஞ்சளாக ஒரு கூர்முளை மண்ணை விலக்கி மேலே ஏறியிருந்தது. இன்னும் அரை விரல் ஏறினால் வெளியே வந்துவிடும்.

அப்பாவும் பெண்ணும் தலையோடு தலை முட்ட அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கு நேரமாகிறது என்று இரண்டு தடவை கத்திய அம்மா, மூன்றாவது தடவை தானே வந்து, "கொஞ்சம் தள்ளுங்க" என்று நடுவில் தலையை நுழைத்தாள்.