ஞாயிற்றுக்கிழமை வருவான்

"இன்னா பத்மா, நெசமாவே கிளம்பிட்டியா?"

காலை ஏழு மணிக்கே பட்டாபிராமிலிருந்து ரயிலேறி வந்து வாசலில் நின்ற நாத்தனாரைப் பார்த்ததும், பெட்டியில் ஸ்வெட்டரை மடித்து வைத்துக்கொண்டிருந்த பத்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"வாங்க அண்ணி. காபி போடறேன்..."

"உன் காபி யாருக்கு வேணும்? என் தம்பிய, பெத்த புள்ள மூஞ்சகூட பாக்கவுடாம அனுப்பிவெச்சவ நீ! இப்போ அதே புள்ளகூட கப்பல்ல போயி பனிமல, திமிங்கலம்னு சுத்திப் பாக்கப் போறியாமே... எப்டித்தான் மனசு வருதோ!"

ஏழு வருஷமாகச் சொல்லாத பதிலைப் பத்மா இன்றைக்கா சொல்லப் போகிறாள்? அடுப்பைப் பற்ற வைத்துப் பாலை ஏற்றினாள். நாத்தனார் திட்டிக்கொண்டே அந்தக் காபியைக் குடித்துவிட்டுத்தான் போனாள்.

பத்மாவின் கணவர் வேலுசாமி, ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, திருமுல்லைவாயிலில் இந்தச் சின்ன பிளாட்டுக்கு வந்த மறு வருஷமே மஞ்சள்காமாலையில் படுத்தார். மூன்றே வாரம். கல்லீரல் மொத்தமாகக் கெட்டுவிட்டது என்று மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அமெரிக்காவில் இருந்த ஒரே மகன் ஹேமநாதனுக்கு, எல்லாம் முடிந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அவன் போன் செய்தபோதெல்லாம் பத்மா, "அப்பா தூங்கறாருப்பா... சாதாரண காமாலதான்" என்று சொல்லி வைத்துவிட்டாள். நாத்தனாரிடமோ, "அவனுக்குச் சொல்லியாச்சு அண்ணி" என்றாள்.

முதல் வருஷத் திதிக்கு வந்த ஹேமநாதன், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கத்தினான். "எங்கப்பாவ என் கண்ணுல காட்டாமலே எரிச்சிட்டியே! நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

அதற்குப் பிறகு மாதம் ஒரு போன். உடம்பு எப்படி இருக்கு, மாத்திரை இருக்கா. அவ்வளவுதான்.

இப்போது பயணத்துக்கு ஏற்பாடு செய்திருப்பதும் அவனில்லை, மருமகள் கிருஷ்ணப்பிரியா. அத்தைக்கு அறுபது வயது நிறைகிறதென்று, அலாஸ்கா கடற்கரையோரம் ஏழு நாள் போகும் ஒரு சின்னக் கப்பலில் நாலு பேருக்கு இடம் பிடித்திருந்தாள். பத்மா சம்மதித்தது பனிமலைக்காக அல்ல. அந்தக் கப்பலில் போனுக்கு டவர் கிடையாதாம். ஆபீஸ் வேலை கிடையாது. கோபம் வந்தால் எழுந்து போக வேறு இடமும் கிடையாது. ஏழு நாளில் ஒரு நாளாவது பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பேசமாட்டானா என்றுதான் ஆசைப்பட்டாள்... பாவம்!

கப்பலில் மொத்தமே அறுபது பயணிகள். கடலை ஒட்டி ஆளே இல்லாத காடு. கரையில் ஒரு கரடி தன் குட்டியோடு மீன் பிடித்துக்கொண்டிருந்தது. நீர்நாய்கள் மல்லாந்து மிதந்தபடி குட்டிகளை வயிற்றின்மேல் போட்டுத் தாலாட்டின. ஒரு நாள் கப்பலுக்குப் பக்கத்திலேயே திமிங்கலம் ஒன்று எழும்பி வாலைத் தூக்கியபோது, பேத்தி பவ்யா, "பாட்டி, பாட்டி!" என்று குதித்தாள். அவளுக்கு ஏழு வயது.

ஹேமநாதன் மட்டும் கப்பலின் மறுபக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றான். அம்மா முன்பக்கம் வந்தால் அவன் பின்பக்கம் போனான். சாப்பாட்டு மேசையில் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான், குளிருக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தான். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் காலைச் சிற்றுண்டியின்போது, எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார மூதாட்டி, "உங்கள் அப்பா வரவில்லையா?" என்று அவனை அன்பாகக் கேட்டாள். அம்மாவுக்குப் புரியாது என்று நினைத்தானோ என்னவோ, அவன் ஆங்கிலத்தில் சொன்னான்: "இறந்துவிட்டார். எனக்குத் தெரியக்கூடாது என்று என் அம்மா முடிவு செய்துவிட்டார்."

பத்மா பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருஷம் டைப் அடித்தவள். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் குனிந்துகொண்டாள். கிருஷ்ணப்பிரியாவின் முகம் வெளுத்துப் போனது.

அன்று முற்பகல், ரப்பர் படகுகளில் பத்துப் பத்துப் பேராகப் பனியாற்றைப் பார்க்கப் போனார்கள். மலையுச்சியிலிருந்து கடல்வரை இறங்கி வந்து அப்படியே உறைந்து நின்ற ஆறு அது. பத்து மாடி உயரத்துக்கு நீலமும் வெள்ளையுமான சுவர். மிதக்கும் பனிக்கட்டிகளின்மேல் சீல் எனும் கடல்நாய்கள் படுத்துக் கிடந்தன. படகோட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு, எல்லோரும் சற்று நேரம் பேசாமல் கேளுங்கள் என்றான். தண்ணீரில் பனி உடையும் சின்னச் சின்னச் சத்தம்...

திடீரென்று இடி இடித்தது போல் ஒரு முழக்கம்! சுவரின் ஒரு பக்கம் பெயர்ந்து கடலில் விழுந்தது. அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது. பவ்யா அலறிக்கொண்டு பாட்டியின் மடியில் பாய்ந்தாள். பத்மா அவளை இறுக்கிக்கொண்டாள்.

"குழந்தைய இங்க குடு!" ஹேமநாதன் கை நீட்டினான். "உன்ன நம்பி எதையும் விடமுடியாது!"

"போதும்!"

கத்தியது கிருஷ்ணப்பிரியா. படகிலிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். தமிழ் தெரியாத அவர்கள், அலைக்குப் பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"போதும்ங்க... நான்தான். நான்தான் சொல்லக்கூடாதுன்னு கேட்டேன். மாமா பொழைக்க மாட்டார்னு தெரிஞ்ச அன்னிக்கே அத்தை போன் பண்ணினாங்க. நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க. எனக்கு ஏழாம் மாசம்... முதல் குழந்தை போனதுக்கு அப்புறம் இவ. எழுந்திருக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. உங்க விசா பேப்பர் வேற நடுவுல நின்னுச்சு. நீங்க போயிட்டா திரும்பி வரமுடியாதோன்னு... தனியா செத்துடுவேன் அத்தை, ஒரு மாசம் மட்டும் சொல்லாதீங்கன்னு அழுதேன். சரிம்மா, நீ பயப்படாதேன்னாங்க. இன்னிக்கி வரைக்கும் என்னைக் காட்டிக் குடுக்கல!"

"ஏழு வருஷம்... ஏழு வருஷமா பக்கத்துலயே இருந்துட்டு..." என்று மனைவி பக்கம் திரும்பிய ஹேமநாதனைப் பத்மாவின் குரல் நிறுத்தியது.

"அவள ஒண்ணும் சொல்லாத. அவ கேட்டா. சரின்னு சொன்னது நான். வயித்துல இருக்கற புள்ளையா, போகப்போற உசுரான்னு நின்னப்போ நான்தான் முடிவு பண்ணேன்." மூச்சு வாங்கினாள். "ஆனா நீ... ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, 'ஏம்மா அப்படிப் பண்ணே'ன்னு கேட்டியாடா? ஊர் முன்னாடி கத்தத் தெரிஞ்சுது. கேக்கத் தெரியலையே!"

ஹேமநாதன் மெதுவாகக் கேட்டான். "அப்பா... என்னைக் கேட்டாராம்மா?"

பொய் சொல்லலாம். எத்தனையோ சொன்னவள்தானே. ஆனால் இந்த முறை அவளால் முடியவில்லை.

"தெனமும் கேட்டாரு. நாக்கு கொழறுது, ஆனாலும் உன் பேரு மட்டும் தெளிவா வரும். நான் அவர்கிட்டயும் பொய்தான் சொன்னேன். லீவு கெடச்சிடுச்சுங்க, ஞாயித்துக்கெழம வர்றான்னு சொன்னேன். ராத்திரி தாங்காதுன்னு டாக்டர் சொன்னது வியாழக்கெழம. அவரு ஞாயித்துக்கெழம வரைக்கும் இருந்தாரு. அன்னிக்கிக் காலைல ஷேவ் பண்ணிவுடச் சொன்னாரு. சாயங்காலம் வரைக்கும் கதவையே பாத்துகினு இருந்தாரு... அப்புறம் போயிட்டாரு."

ஹேமநாதன் அம்மாவின் காலடியில், படகின் ஈரத் தரையில் சரிந்தான். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல் குலுங்கிக் குலுங்கி அழுதான். "அம்மா... அம்மா..." பத்மா அவன் தலையில் கை வைத்தாள். பவ்யா ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கப்பல் துறைமுகம் சேர்ந்து டவர் கிடைத்ததும் அவன் செய்த முதல் வேலை, பட்டாபிராம் அத்தைக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னதுதான். மறுமுனையில் ஒப்பாரி கேட்டது. பத்மா போனை வாங்கவில்லை.

"இனிமே நீ எங்கயும் போகவேணாம்மா. எங்ககூடவே இருந்துடு," என்று அவன் கெஞ்சினான். கிருஷ்ணப்பிரியாவும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பத்மா இருவரையும் தேற்றினாள். மருமகளைத் தனியே கூப்பிட்டு, "பழச நெனச்சி நீங்க சண்ட போட்டுக்காதீங்க. நான் பட்டது வீணாப் போயிடும்," என்றாள். ஆனால் திரும்பும் தேதியை மாற்றவில்லை.

விமான நிலையத்தில் ஹேமநாதன் மறுபடி உடைந்தான். "என்னை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போம்மா."

அவள் அவனை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஏழு வருஷமாக ஏங்கிய அணைப்பு.

"உன்ன மன்னிச்சிட்டேன்டா. அன்னிக்கே மன்னிச்சிட்டேன். சாகக் கெடந்த மனுஷன ஏமாத்துன பாவம் என்னுது. அத மன்னிக்க வேண்டியவரு இல்லையேப்பா..."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வரிசையில் போய் நின்றாள். பிள்ளை கூப்பிடும் குரல் கேட்டது. அவள் திரும்பவில்லை.