திரட்டியில் விழுந்த கள்ள ஓட்டு

அந்த அம்மாள் மாடிப்படி ஏறி வரும்போதே அழுதுகொண்டு வந்தாள். பின்னால் அவள் கைப்பையையும் மடிக்கணினியையும் சுமந்து வந்த கணவர், "பார்த்து வாம்மா, பார்த்து" என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டிருந்தார்.

துப்பறிவாளரை எல்லோரும் 'நிதானம்' என்றே அழைப்பார்கள். கையிலிருக்கும் தேநீர் ஆறி ஆடை படியும்வரை யோசிக்கிற மனிதர். அவருக்கு உதவியாள் அவர் மனைவியின் தம்பி, அதாவது மச்சான். நாயாய் அலைவது மச்சான், நல்ல பேர் வாங்குவது அத்தான். இது மச்சானின் வயிற்றில் வெகுகாலமாகப் புகைந்துகொண்டிருந்தது. இந்த வழக்கையாவது தானே முடித்துக் காட்டிவிட வேண்டும் என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என் வெப்சைட்டையே கொல்லப் பாக்குறாங்க சார்," என்றாள் அந்த அம்மாள். "பால்கனியில செடி வளர்க்கிறதப் பத்தி எழுதுறேன். அந்தத் திரட்டியிலிருந்துதான் எனக்கு வாசகர் கூட்டமே வருது."

திரட்டி என்பது செய்திகளைச் சேர்த்துக் காட்டும் இணையதளம். யார் வேண்டுமானாலும் பிடித்த கட்டுரையின் சுட்டியை அதில் கொடுக்கலாம். படிக்கிறவர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டு ஏறினால் கட்டுரை முதல் பக்கத்துக்கு வரும். அப்புறம் அதை எழுதினவர் தளத்தில் கூட்டம் அலைமோதும். யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதும் அங்கே எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

"நாலு போலிப் பேர்ல எவரோ என் கட்டுரைகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, கள்ள ஓட்டாக் குத்தியிருக்காங்க. நானே செஞ்சேன்னு நிர்வாகம் நினைக்குது. அப்படி ஓட்டு குவிஞ்ச கட்டுரையை எல்லாம் மூடிட்டாங்க. செஞ்சது யாருன்னு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள காட்டலைன்னா என் தளத்தையே ஒரேயடியா விலக்கிடுவாங்களாம்."

"எல்லாக் கட்டுரையும் போயிடுச்சா?" என்று கேட்டார் நிதானம்.

"பாட்டில்ல சொட்டு நீர் விடுறது ஒண்ணுதான் மிச்சம். அதை யாரு படிக்கிறா?"

கணவர் மடிக்கணினியின் கம்பியைச் சுற்றி வைத்தார். "விடும்மா, அழாத."

"யார் மேலயாவது சந்தேகம்?"

"வேற யாரு, என் ஓரகத்திதான். மேல் வீட்டுல இருக்கா. மீன் தொட்டி பத்தி அவளும் ஒரு தளம் நடத்துறா, ஈ காக்கா எட்டிப் பாக்குறதில்ல. என் கட்டுரை முதல் பக்கம் வந்தா அன்னைக்கு அவளுக்குச் சோறு இறங்காது."

மச்சானுக்கு இது போதும். அன்று பகல் முழுக்கத் திரட்டியைக் குடைந்தெடுத்துவிட்டு அத்தானிடம் வந்து நின்றான்.

"ஓரகத்தியேதான்! இந்தம்மாவோட ஒவ்வொரு கட்டுரைக்கும் எதிர் ஓட்டுப் போட்டிருக்கா. அதுவும் சொந்தப் பேர்ல, சொந்தப் படத்தோட. எவ்வளவு வயித்தெரிச்சல் பாருங்க!"

"அந்த நாலு போலிப் பேரு?"

"மூணு இப்பத்தான் ஆரம்பிச்சது. ஒண்ணு மட்டும் போன வருஷத்துது."

"அது முதன்முதல்ல எதுக்கு ஓட்டுப் போட்டுச்சு?"

"ஏதோ பாட்டில் சமாச்சாரம். அதை விடுங்க அத்தான், ஓரகத்தியப் பிடிப்போம்."

நிதானம் ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். மச்சானுக்கு எரிச்சலாக இருந்தது. அத்தான் அப்படிக் குடித்தால் வழக்கு முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் காலை எல்லோரும் அந்த அம்மாளின் கூடத்தில் கூடினார்கள். பால்கனியில் தொட்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் மேலும் தலைகீழாக ஒரு பாட்டில் தொங்க, மெல்லிய குழாய் வழியே நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பிரமாதம் சார்!" என்றான் மச்சான்.

கணவரின் முகம் மலர்ந்தது. "நானே யோசிச்சுச் செஞ்சது. இவ தளத்துல கட்டுரையாவும் எழுதினேன். நான் எழுதினது அது ஒண்ணுதான்."

ஓரகத்தி இடுப்பில் கைவைத்தபடி வந்தாள். "ஆமா, எதிர் ஓட்டுப் போட்டேன். பொறாமைதான். அதுக்கு இப்ப என்ன? ஒரு செடிக்குத் தண்ணி ஊத்திட்டு ஊரே கை தட்டணும்னா எனக்கு எரியாதா?"

"பாத்தீங்களா!" என்று துள்ளினான் மச்சான்.

"உட்காரு மாப்ளே," என்றார் நிதானம். "கட்டுரை மாட்டணும்னா கள்ள ஓட்டு மேலே மேலே ஏறணும். ஏத்துறவங்களே அதை எதுக்கு இறக்கணும்? இவங்க எரிச்சல் வீதிக்கே தெரிஞ்ச எரிச்சல். மறைக்கத் தெரியாதவங்களுக்கு முகமூடி எதுக்கு?"

ஓரகத்திக்கு இது பாராட்டா, திட்டா என்று புரியவில்லை.

"வெளியாள் செஞ்சிருந்தா எல்லாக் கட்டுரையையும் அள்ளிப் போட்டிருப்பாங்க. இங்கே ஒண்ணு மட்டும் தப்பிச்சிருக்கு. அதுல அழுக்குப் பட யாருக்கு மனசு வரலை? போன வருஷத்துப் போலிப் பேரு, அதே கட்டுரைக்கு ஓட்டுப் போடத்தான் பிறந்திருக்கு. தன் எழுத்துக்குத் தானே ஒரு ஓட்டு." நிதானம் கணவரைப் பார்த்தார். "ரொம்ப நாள் காத்திருந்தீங்களா சார், வேற யாராவது போடுவாங்கன்னு?"

கணவர் சொட்டும் பாட்டில்களின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சானுக்கு அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கப் பார்க்கக் கண்ணாடி பார்ப்பதுபோல் இருந்தது.

"தளத்தைக் கட்டினது நான்," என்றார் கணவர் மெதுவாக. "எங்க போனாலும் 'செடியம்மா வீட்டுக்காரர்'ங்கிறாங்க. எனக்குப் பேரே இல்லாம போச்சு. இவ எழுதினா முதல் பக்கம். நான் எழுதினா சீந்த ஆளில்ல. தாங்க முடியலை."

"என்கூடவே உட்கார்ந்து கண்ணைத் துடைச்சு விட்டீங்களே!" என்றாள் மனைவி. அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

ஓரகத்தி தொண்டையைச் செருமினாள். "சீந்த ஆளில்லைன்னு யாரு சொன்னா மாமா? போய்ப் பாருங்க. இந்த வீட்டுக் கட்டுரையில நான் ஆதரவு ஓட்டுப் போட்டது அது ஒண்ணுக்குத்தான். நிஜமாவே நல்லா இருந்துச்சு."

கணவர் மடிக்கணினியைத் திறந்து பார்த்தார். அந்தக் கட்டுரைக்கு மொத்தமே மூன்று ஓட்டு. ஒன்று அவருடைய போலிப் பேர், ஒன்று ஓரகத்தி, இன்னொன்று அவர் மனைவி. தன் கள்ள ஓட்டைப் போட்ட நாளுக்குப் பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே அவருக்குத் துணிச்சல் வந்ததில்லை. அவர் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினார்.

மனைவி மடிக்கணினியை அவர் பக்கம் தள்ளினாள். "எழுதுங்க. செஞ்சதை அப்படியே, உங்க பேர்லயே எழுதித் திரட்டியில போடுங்க. சாயங்காலத்துக்குள்ள."

அவர் எழுதினார். 'என் மனைவியின் தளத்தை நான் அழிக்கப் பார்த்தேன்' என்பது தலைப்பு. மாலைக்குள் அது முதல் பக்கத்துக்கு ஏறி உச்சியில் நின்றது. நிர்வாகம் மூடிய கட்டுரைகளையெல்லாம் திறந்துவிட்டது. தளத்தில் இதுவரை காணாத கூட்டம்.

நன்றி சொல்ல அந்த அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஆனா சார், என் கட்டுரை ஒண்ணுக்காவது இவ்வளவு ஓட்டு விழுந்திருக்கா சொல்லுங்க?" என்றாள். அந்தக் குரலில் கொஞ்சம் புளிப்பு இருந்தது.

மச்சான் தன் மேசையில் அந்தக் கட்டுரையை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தான். 'கூர்மதியாளர் நிதானம் அவர்கள் கண்டுபிடித்தார்' என்று இருந்தது. மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகத் தேடியும் மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் புதிதாக ஒரு பேரில் கணக்குத் தொடங்கினான். விரல் எதிர் ஓட்டுப் பொத்தானுக்கு மேல் போய் நின்றது.

"உன் பேர்லயே போடு மாப்ளே," என்றார் பின்னால் தேநீரோடு நின்றிருந்த நிதானம்.