ஏழாம் வாய்ப்பாட்டுப் பாட்டு

அவளுக்கு வயது பத்து. ஆள் சின்ன உருவம்தான். ஆனால் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பதில் வரும்வரை காதருகே ரீங்காரம் போட்டுக்கொண்டே இருப்பாள். அதனால் வீட்டில் அவளைக் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அப்படிப்பட்ட கொசு ஒரு சாயங்காலம் முழுக்க வாயே திறக்கவில்லை என்றால், விஷயம் சின்னது இல்லை என்று நீங்களே புரிந்துகொள்ளலாம். முதலிலிருந்து சொல்கிறேன்.

கொசுவின் அம்மா கணக்கு டீச்சர். கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி வைத்திருந்தார்கள். பாடங்களைக் கலையோடு சேர்த்து நடத்துவது எப்படி என்று சொல்லித்தரும் பயிற்சி. பல தேசத்து மக்களின் பாட்டு, ஆட்டம், பொம்மலாட்டம், நெசவு என்று எல்லாம் உண்டு. மூன்றாம் நாள் ஒவ்வொருவரும் அதிகாரியின் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

தேறினால் அம்மா இதே பள்ளியில் இருக்கலாம். தேறாவிட்டால் ஒரு வருஷத்துக்கு மலைக்கு அப்பால் இருக்கும் பள்ளிக்கு மாற்றல். பஸ்ஸில் போனால் ஒன்பது மணி நேரம். அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது. கொசுவோ ஆறாம் வகுப்புக்குப் போகிறவள். அப்பாவுக்குக் கப்பலில் வேலை. ஆகவே கொசு இதே ஊரில் இருக்கும் பெரியம்மா வீட்டில்தான் இருக்க வேண்டும். பெரியம்மா நல்லவர்தான். ஆனால் அவர் வீட்டு சோபாவில் யாரும் உட்காரக் கூடாது, உறை கசங்கிவிடும்.

அம்மாவுக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. கலைதான் கிட்டேயே வராது. ஆடச் சொன்னால் கை ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும். குதிரை வரைந்தால் மேஜை மாதிரி இருக்கும்.

வீட்டில் தனியாக விட முடியாது என்பதால் கொசுவும் பயிற்சிக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். பயிற்சி கொடுத்தவருக்கு முதல் மணி நேரத்திலேயே ஒரு பெயர் வைத்துவிட்டாள், கைதட்டல் சார். யார் என்ன செய்தாலும் "ஒரு கைதட்டல்!" என்பார். அறிவியல் டீச்சர் இலையாக மாறி வெயில் வாங்குகிறேன் என்று ஆடப்போய், ஜன்னல் திரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தார். அதற்கும் ஒரு கைதட்டல்.

அம்மாவின் முறை வந்தபோது கைதட்டல் சார் ஒரு பாட்டை ஒலிபெருக்கியில் போட்டார். ஏதோ ஒரு தூர தேசத்துப் பாஷை. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் மெட்டு. ஒவ்வொரு வரியின் முடிவிலும் டொக், டொக் என்று ஒரு சத்தம். சார் கொடுத்த தாளில் 'கூட்டுப் பாட்டு. கைதட்டிப் பாட ஏற்றது' என்று எழுதியிருந்தது.

அம்மா இரண்டு தரம் கேட்டார். விரல்விட்டு எண்ணினார். முகம் மலர்ந்தது.

"ஒரு வரிக்கு ஏழு எண்ணிக்கை வருது! ஏழாம் வாய்ப்பாடு அப்படியே உக்காருதே!"

அம்மாவின் குரலுக்கு எட்டுகிற பாட்டு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது போலிருக்கிறது. அன்று மாலை வீட்டில் அம்மாவும் மகளும் துணி மடித்துக்கொண்டே பாடினார்கள். ஓரேழு ஏழு, டொக் டொக். ஈரேழு பதினான்கு, டொக் டொக். பல மாதங்களுக்குப் பிறகு அம்மா சிரிப்பதைக் கொசு பார்த்தாள்.

இரண்டாம் நாள் ஒத்திகை. அம்மா பாட, மற்ற முப்பத்துநாலு ஆசிரியர்களும் கூடவே கைதட்டிப் பாடினார்கள். கைதட்டல் சாருக்குத் தலைகால் புரியவில்லை. "நாளைக்கு நீங்கதான் முதல்ல! எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இதைப் பாட வெச்சுடுவோம்!" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் கொசுவுக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள்.

அங்கே டீ அக்கா நின்றிருந்தார். அந்தக் கட்டடத்தில் எந்தப் பயிற்சி நடந்தாலும் டீ போடுகிறவர் அவர்தான். எங்கோ தூரத்திலிருந்து பிழைக்க வந்தவர். டீ ஊற்றிய கிளாஸ்கள் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

கொசு குழாயை மூடினாள். "என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல பாப்பா."

"காது வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன ஏன் பொத்திக்கிட்டீங்க?"

"போய் உக்காரு பாப்பா."

"அம்மா பாடினது பிடிக்கலையா?"

கொசு விடுகிற ஆள் இல்லை என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அது எங்க ஊர்ப் பாட்டு. யாராவது செத்துப்போனா பாடுறது."

கொசு அக்காவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அந்த டொக் டொக் சத்தம் கைதட்டறது இல்ல. செத்தவங்க படுத்திருந்த கட்டிலைத் தட்டுற சத்தம். தலைமாட்டுல ஒருத்தர், கால்மாட்டுல ஒருத்தர், நடுவுல ஒருத்தர். மூணு பேர் தட்டிக்கிட்டே பாடணும். தனியாப் பாடக் கூடாது."

"நீங்க யாருக்காவது பாடியிருக்கீங்களா?"

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். "போன வருஷம் என் தம்பி போயிட்டான். போன்லதான் சொன்னாங்க. அன்னைக்கும் இங்க ஒரு பயிற்சி, எனக்கு லீவு இல்ல. நான் டீ போட்டுக்கிட்டு இருந்தேன். இந்த ஊர்ல எங்க ஆளுங்க யாரும் கிடையாது. அதனால பாடவே இல்ல."

பிறகு சட்டென்று கொசுவின் கையைப் பிடித்தார். "உங்கம்மாகிட்ட சொல்லிடாத பாப்பா. பாவம், அவங்களுக்கு மாற்றல் வந்துடும். நான் குழாயைத் திறந்து விட்டுக்கிறேன், பாட்டு எனக்குக் கேக்காது."

இதற்குப் பிறகுதான் கொசுவின் வாய் மூடிக்கொண்டது.

சொன்னால் அம்மா ஒன்பது மணி நேரத்துக்கு அப்பால் போய்விடுவார். சொல்லாவிட்டால் எல்லாப் பள்ளிகளிலும் பிள்ளைகள் அக்காவின் தம்பிக்கான பாட்டில் கைதட்டி வாய்ப்பாடு படிப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது. பஸ்ஸில் யோசித்தாள். வீட்டில் யோசித்தாள். தட்டில் இருந்த சாப்பாடு ஆறிப்போனது. அம்மா உற்சாகமாக "மூவேழு" என்று ஆரம்பித்தபோது கொசுவால் தாங்க முடியவில்லை.

"அம்மா, பாடாதீங்க" என்றாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதை இப்ப வந்து சொல்றியே!" என்று கத்தினார். "எனக்கு வேற என்ன தெரியும்? ஆடத் தெரியுமா, வரையத் தெரியுமா? உன்னை விட்டுட்டு நான் போகணும்னு ஆசைப்படுறியா?"

கொசு அழுதாள். அம்மாவும் அழுதார். பிறகு அம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நெசவு வடிவம் ஏதாவது வருமா என்று போட்டுப் பார்த்தார். ஒரு கோடுகூட நேராக வரவில்லை. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அம்மா கைதட்டல் சாரிடம் போய்ச் சொன்னார். சாரின் முகம் சுருங்கியது. "அப்படியா? எனக்குத் தெரியாதே. இணையத்துல கிடைச்சுது, நல்லா இருந்துது, எடுத்துட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், யாருக்குத் தெரியப்போவுது? அதிகாரி வந்தாச்சு. பேசாம பாடிடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அம்மா முன்னால் போய் நின்றார். அதிகாரி பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டார். அம்மா வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். பின்வரிசையில் கொசு உட்கார்ந்திருந்தாள். அவள் மனசுக்குள்ளே ஒரு மூலை, 'பாடிடுங்கம்மா' என்று கெஞ்சியது உண்மைதான். அதை ஏன் மறைக்க வேண்டும்?

"நான் தயார் பண்ணின பாட்டு ஒரு சாவுப் பாட்டுங்க" என்றார் அம்மா. "தெரியாம அதுல வாய்ப்பாடு போட்டுட்டேன். இனிமே பாட முடியாது."

"யார் சொன்னது?" என்றார் அதிகாரி.

"தெரிஞ்சவங்க சொன்னாங்க." அம்மா டீ அக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"வேற ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க."

அதிகாரி தாளில் 'கலை' என்ற கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டார். 'பாடம்' என்ற கட்டத்தில் இன்னொரு பூஜ்யம் போட்டார். "அடுத்தவங்க வாங்க" என்றார். அறிவியல் டீச்சர் எழுந்து போனார்.

அம்மா வெளியே வராந்தாவில் போய்ச் சுவரோரம் நின்றார். கொசு பின்னாலேயே ஓடினாள்.

"எல்லாம் என்னாலதான்மா."

"உன்னால இல்ல. நான் பாடியிருந்தா, உன் முகத்தைப் பார்த்திருக்க முடியாது." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஒரு வருஷம்தானே கொசு. ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வந்துடுவேன்."

கொசு ஐம்பத்திரண்டு வாரத்தை இரண்டால் வகுத்தாள். இருபத்தாறு. மிச்சம் இருபத்தாறு சனிக்கிழமைகள் அம்மா இல்லாமல். கணக்கு டீச்சரின் மகளாகப் பிறந்ததற்காக முதல் முறையாக வருத்தப்பட்டாள்.

வராந்தாவின் கோடியில் சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டீ அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார். எல்லாம் அவருக்கும் கேட்டிருந்தது.

கொசு அக்காவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். திடீரென்று அம்மாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, எங்களுக்கு உங்க பாஷை தெரியாது. ஆனா மெட்டு தெரியும். ரெண்டு நாளாப் பாடியிருக்கோம். இப்ப மூணு பேர் இருக்கோம்." "உங்களுக்கு வேணும்னா மட்டும். உங்க தம்பிக்கு."

அக்கா மூடிய கதவையே பார்த்தார். கொசு, தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று பயந்தாள். பிறகு அக்கா மேஜைமேல் இருந்த கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். மேஜை காலியானது. ஒரு முனையில் அக்கா நின்றார். மறுமுனையில் அம்மாவை நிற்கச் சொன்னார். நடுவில் கொசு.

அக்கா வார்த்தைகளைப் பாடினார். அம்மாவும் கொசுவும் மெட்டை மட்டும் முனகினார்கள். வரி முடியும்போதெல்லாம் மூன்று பேரும் மேஜையைத் தட்டினார்கள். டொக், டொக். கைதட்டியபோது இருந்த துள்ளல் இப்போது துளியும் இல்லை. ஏறும்போது யாரையோ கூப்பிடுவது போல இருந்தது. இறங்கும்போது, வரமாட்டார் என்று தெரிந்துகொண்டது போல இருந்தது. அக்காவின் கண்ணீர் மேஜையில் சொட்டியது. கொசுவுக்கும் அழுகை முட்டியது. யாருக்காக அழுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முகம் பார்க்காத தம்பிக்கா, இருபத்தாறு சனிக்கிழமைகளுக்கா?

அந்தக் குழப்பத்தில் ஒரு விபரீதம் நடந்தது. பழக்க தோஷத்தில் கொசுவின் வாயிலிருந்து "ஏழேழு நாற்பத்தொன்பது" என்று வந்துவிட்டது.

கொசு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவின் முகம் வெளிறிப்போனது.

அக்கா அழுதுகொண்டே சிரித்துவிட்டார். "இருக்கட்டும் பாப்பா. அவன் கணக்குல முட்டை வாங்கினவன். இப்பவாவது படிக்கட்டும்."

பாட்டை முடித்தார்கள். நிமிர்ந்தால், கைதட்டல் சார் கதவைத் திறந்துகொண்டு நின்றிருந்தார். டீ கேட்க வந்தவர். கைகள் இரண்டும் பழக்கப்படி உயர்ந்து பாதியில் நின்றன. மெதுவாக அவற்றைக் கீழே இறக்கினார். தரையில் இருந்த கிளாஸ்களைத் தானே எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

சாயங்காலம் பட்டியலை ஒட்டினார்கள். முப்பத்துநாலு பேர் தேறியிருந்தார்கள். அம்மாவின் மாற்றல் உத்தரவு ஒரு பழுப்பு உறையில் வந்தது. அம்மா அதைப் பிரித்துப் படித்துவிட்டு நாலாக மடித்துப் பையில் வைத்தார். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் உங்களுக்குச் சொல்லியிருப்பேன்.

இருவரும் வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து டீ அக்கா ஓடிவந்தார். கை இன்னும் ஈரமாக இருந்தது.

"பாப்பா, அம்மா வராத சனிக்கிழமையெல்லாம் என்கிட்ட வா. எங்க ஊர்ப் பாட்டு இன்னும் நிறைய இருக்கு. பாடலாம்."

கொசு அக்காவைப் பார்த்தாள். "நாம ரெண்டு பேர்தானே இருப்போம்? மூணு பேர் வேணுமே அக்கா!"

"அழற பாட்டுக்குத்தான் மூணு பேர் வேணும்" என்றார் டீ அக்கா. "மத்த பாட்டுக்கெல்லாம் ரெண்டு பேர் போதும்."